கரண்ட் போன பிறகும் விழித்திருக்கும் பெட்டி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், எலெக்ட்ரானிக்ஸ் துறை 1990–94 செட் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அரை மணி நேரம் பேசணும்பா. செயற்கை நுண்ணறிவு பத்திப் பேசினா பசங்களுக்குப் பிடிக்கும்" என்றார். "அதைப் பேச நிறையப் பேர் இருக்காங்க. நான் எங்க அம்மா வீட்டு டி.வி. பக்கத்துல இருக்கிற பெட்டியப் பத்திப் பேசுறேனே" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எதைப் பேசினாலும் சரி, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடு" என்றார். அந்த நிபந்தனையோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

மேஜை மேல் நான் வைத்திருக்கும் இந்தப் பெட்டி ஒரு வைஃபை ரவுட்டர். இதே மாதிரி ஒன்று உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கும். நின்றுபோனால் திட்டுவோம், ஓடும்போது திரும்பிப் பார்க்க மாட்டோம். இதை மூன்று வருடத்துக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டிய நிலைமை எனக்கு வந்தது. ஏன் வந்தது என்று சொல்வதற்கு முன், இந்தக் கட்டடத்தின் முதல் மாடிக்கு உங்களை ஒரு நிமிடம் கூட்டிப் போகிறேன்.

நாங்கள் படித்தபோது அங்கே மைக்ரோபிராசசர் லேப் இருந்தது. 8085 கிட். விசைகளைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பைட்டாக உள்ளே ஏற்ற வேண்டும். கடைசியில் 76 அடித்தால் ஹால்ட். அறுபது பைட் ஏற்றி முடித்து, விடை வரும் நேரத்தில் கரண்ட் போகும். ராமில் இருந்த அத்தனையும் போய்விடும். நாங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்போம். லேப் அட்டெண்டர் அண்ணன் வந்து, "நோட்டுல எழுதி வச்சியா தம்பி?" என்று கேட்பார். எழுதியிருக்க மாட்டோம். "கரண்ட் போகும்னு நெனச்சுக்கிட்டே வேலை செய்யணும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார். என் செட் ஆட்களுக்கு அவரை ஞாபகம் இருக்கும். அப்போது சிரித்தோம். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்க இருபத்தேழு வருடம் ஆயிற்று.

2021-ஆம் வருடம், ஆடி மாதம். எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா காலமான பிறகும் அம்மா சென்னைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. பழைய காலத்து வீடு, ஒன்றரை அடிச் சுவர். செல்போன் சிக்னல் திண்ணையில் ஒரு கோடு தெரியும், உள்ளே வந்தால் அதுவும் போய்விடும். அதனால்தான் ஃபைபர் இணைப்பு வாங்கி, வைஃபை வழியாகப் போன் பேசும்படி அம்மாவின் செல்லை அமைத்துக் கொடுத்திருந்தேன். பிரமாதமாக வேலை செய்தது. தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பேசுவோம். நான் தொலைத்தொடர்புத் துறையில் இருப்பவன். ஊரில் அம்மாவுக்கு வழி செய்துவிட்டேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை.

ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும். ஒரு ராத்திரி தென்னை மட்டை விழுந்து எங்கள் தெருவுக்கு வரும் கம்பி அறுந்துபோனது. கரண்ட் இல்லை. நடுராத்திரியில் எழுந்து பின்கட்டுக்குப் போன அம்மா, இருட்டில் நிலைப்படி தடுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது, கால் பிசகி எழுந்திருக்க முடியவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பால் கொண்டுவந்த அம்மாள் குரல் கொடுத்துப் பார்த்து, கதவைத் திறக்க வைத்துத்தான் விஷயம் வெளியே வந்தது. அதுவரை நான்கு மணி நேரத்துக்கு மேல் அவர் தரையில் கிடந்திருக்கிறார்.

கையில் போன் இருந்தது. அதுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாத விஷயம். ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னார்: "நாலு தடவை உனக்குப் போட்டேன் தம்பி, போகவே இல்ல. நீ அசந்து தூங்கியிருப்பேன்னு நெனச்சுக்கிட்டேன்." நான் தூங்கித்தான் இருந்தேன். ஆனால் போன் அடிக்கவே இல்லை. கரண்ட் போன நிமிடத்திலேயே ரவுட்டர் அணைந்துவிட்டது. ரவுட்டர் அணைந்ததும் அந்த வீட்டுக்குள் போனும் செத்துவிட்டது.

அம்மாவுக்குக் கட்டுப் போட்டுக் கூட்டி வந்த பிறகு, ஒரு மாணவன் மாதிரி அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன். வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. எலெக்ட்ரீஷியன் அதை இரண்டு ஃபேனுக்கும் நாலு விளக்குக்கும் மட்டும் கொடுத்திருந்தார். டி.வி. பிளக் அதில் இல்லை. சரி, அதில் சேர்த்துவிடலாம் என்றால், சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு ஃபேன் ஓடினால் அந்தப் பழைய பேட்டரி இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும். ஃபேன் நின்றால் விசிறி எடுத்து விசிறிக்கொள்ளலாம். போன் நின்றால் என்ன செய்வது? ஆகவே ஃபேனோடு சேர்ந்து சாகாத தனிப் பேட்டரி ஒன்று போனுக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இங்கே மாணவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். பேட்டரியில் இருப்பது வாட்-ஹவர். அதை வாட்டால் வகுத்தால் கிடைப்பது மணி. பேட்டரியைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம், பணம் இருந்தால். வாட்டைக் குறைப்பதற்குப் பணம் வேண்டாம், புத்தி போதும். வாட்டைப் பாதியாக்கினால் அதே பேட்டரியில் நேரம் இரண்டு மடங்கு. மின்சாரச் சிக்கனம் என்றால் பில் குறையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கிராமத்தில் தனியாக இருக்கும் ஒரு வயதானவருக்கு அது ராத்திரியின் நீளம்.

இவ்வளவு தத்துவம் பேசுகிறவன் முதலில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு அனுப்புவதற்கு முன் சென்னை வீட்டில் சோதித்துப் பார்க்க, பரணில் கிடந்த பழைய பி.சி.யை இறக்கி, இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, லினக்ஸ் ஏற்றி, அதையே ரவுட்டராக ஆக்கினேன். அருமையாக ஓடியது. ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்தால் 80 வாட். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுவதால் ஒரு நாளைக்கு 1.92 யூனிட், இரண்டு மாத பில்லில் 115 யூனிட். பில் வந்த அன்று என் மனைவி, "ஏங்க, பரண்ல ஏதாவது கம்பெனி நடத்துறீங்களா?" என்று கேட்டார். பில்லாவது பரவாயில்லை. சாதாரண 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் மொத்தம் 84 வாட்-ஹவர்தான் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் லெட்-ஆசிட் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். மீதி 42-ஐ வைத்து அந்தப் பி.சி. சுமார் அரை மணி நேரம்தான் ஓடும். ஒரு யானையை வைத்துக் கடிதம் அனுப்புகிற வேலை அது.

கடையில் விற்கும் சின்ன ரவுட்டர் அதே வேலையைச் சுமார் 5 வாட்டில் செய்கிறது. பிறகு ஏன் அதை அப்படியே வாங்கி மாட்டவில்லை? காரணம், அதற்குள் இருக்கும் மென்பொருள். ஃபர்ம்வேர் என்கிறோம். பல தயாரிப்பாளர்கள் இரண்டு மூன்று வருடத்தில் பழைய மாடலைக் கைகழுவிவிடுகிறார்கள். பிறகு அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் கிடையாது. அந்த ஓட்டை என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம்: 2016-இல் மிராய் என்ற தீநிரல், கேமரா, ரவுட்டர் போன்ற சின்னப் பெட்டிகளில் தொழிற்சாலை வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாமல் கிடந்ததைப் பயன்படுத்தி அவற்றைக் கைப்பற்றியது. அந்தப் படையை வைத்து அந்த வருடம் அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களே மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. அதுவும் தவிர, எனக்கு வேண்டிய சில வேலைகளைக் கடை ஃபர்ம்வேர் செய்யவும் செய்யாது.

இந்தச் சமயத்தில்தான் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற திறந்த மூல ஃபர்ம்வேரிடம் போனேன். அதன் பிறப்பே ஒரு நல்ல கதை. 2002 கடைசியில் லின்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற வீட்டு ரவுட்டரை வெளியிட்டது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று சில ஆர்வலர்கள் 2003-இல் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் வெளிவருவது ஜி.பி.எல். என்ற உரிமத்தின் கீழ். எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் விற்றால், வாங்குகிறவருக்கு மூல நிரலையும் கொடுக்க வேண்டும். கொடுங்கள் என்று கேட்டார்கள். நிறுவனமும் அதே வருடம் கொடுத்தது. அந்த நிரலைப் பிடித்துக்கொண்டு 2004-இல் தொடங்கியதுதான் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. பெயரில் இருக்கும் அந்த மூன்று எழுத்து அந்த ரவுட்டரிலிருந்து வந்ததுதான்.

பின்னாளில் அதே 54ஜி மாடலின் ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு வேறு மென்பொருளைப் போட்டு, ராமை 16 எம்.பி.யிலிருந்து 8 எம்.பி.யாகவும், ஃபிளாஷை 4 எம்.பி.யிலிருந்து 2 எம்.பி.யாகவும் குறைத்தார்கள். ஆனால் திறந்த பெட்டியைக் கேட்டவர்கள் அவ்வளவு பேர் இருந்ததால், 54ஜி.எல். என்று லினக்ஸ் ஓடும் மாடலையும் 2005-இல் தனியாக விற்க வேண்டி வந்தது. 2016-இல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்து இரண்டாகப் பிரிந்தார்கள், 2018-இல் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். நம் சங்கத்துக்கும் இதில் பாடம் உண்டு, தலைவர் மன்னிக்க வேண்டும். 2024-இல் அவர்களே வடிவமைத்த ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. ஒன் என்ற ரவுட்டரும் விற்பனைக்கு வந்துவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். வீட்டிலேயே ஒரு பழைய ரவுட்டர் கிடந்தது. அதில் 4 எம்.பி. ஃபிளாஷ், 32 எம்.பி. ராம். இந்த அளவு பெட்டிகளுக்கு 19.07 பதிப்போடு ஆதரவு முடிந்துவிட்டது. இடம் போதவில்லை. நீங்கள் வாங்குவதாக இருந்தால் குறைந்தது 16 எம்.பி. ஃபிளாஷ், 128 எம்.பி. ராம் பாருங்கள். வாங்குவதற்கு முன்னால் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யின் வன்பொருள் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பழைய சாமான் கடையில் ஒன்று பிடித்தேன். 880 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இரட்டை கோர் மிப்ஸ் சிப், யு.எஸ்.பி. துளை, 12 வோல்ட் அடாப்டர். கட்சிதமாக எனக்கு வேண்டியது.

ஒரே மாடல் பெயரில் பல பதிப்புகள் வரும். பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் பதிப்பு எண் போட்டிருக்கும். உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ராத்திரி பதினொன்றரை மணிக்கு, கண்ணாடி போடாமல், வேறு பதிப்புக்கான ஃபைலை ஏற்றிவிட்டேன். எச்சரிக்கை வந்தது. அதையும் மீறி "ஆம்" என்று அழுத்தினேன். ஒரு விளக்கு சிமிட்டியது, அவ்வளவுதான். பெட்டி செங்கல் ஆகிவிட்டது. இத்தனை வருட அனுபவம், கையில் ஒரு பிளாஸ்டிக் செங்கல்.

அப்போது என் மகள் இரண்டாம் வருட எலெக்ட்ரானிக்ஸ் மாணவி. கொரோனாவால் கல்லூரி மூடியிருந்தது. லேப் வகுப்புகளையெல்லாம் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் மல்டிமீட்டரை வைப்பார், இவள் ரீடிங்கை நோட்டில் எழுதிக்கொள்வாள். அதுதான் லேப். மறுநாள் காலை நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னப்பா ஆச்சு?" என்றாள். சொன்னேன். "திறந்து பாக்கலாமாப்பா?" என்றாள். அந்தக் கேள்வியை அவள் அதற்கு முன் என்னிடம் கேட்டதே இல்லை. நானும் கேட்க வைத்ததில்லை.

திறந்தோம். போர்டின் ஓரத்தில் வரிசையாக நான்கு துளைகள். அது சீரியல் போர்ட். செத்த பெட்டியோடு பேசும் வழி அது. தரைப் புள்ளி எது, 3.3 வோல்ட் எது என்று மல்டிமீட்டர் வைத்து அவளே கண்டுபிடித்தாள். நான் நான்கு பின்னைப் பற்றவைத்தேன், கை நடுங்கியது. யு.எஸ்.பி.–சீரியல் மாற்றியை இணைத்து, 115200 பாட் வேகம் வைத்தோம். திரையில் ஒன்றுமே வரவில்லை. அரை மணி நேரம் நான் கேபிளைக் குறை சொன்னேன். அவள் படத்தையும் வயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க அனுப்புற வயரை அனுப்புற வயரோடயே சேர்த்திருக்கீங்க. ரெண்டு பேரும் பேசினா யாரு கேக்குறது?" என்றாள். மாற்றி மாட்டினாள். திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின.

மாணவர்களே, இதில் இரண்டு எச்சரிக்கை. மாற்றி 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும், 5 வோல்ட் போட்டால் சிப் போய்விடும். வோல்ட் வரும் பின்னை இணைக்கவே வேண்டாம். தரை, அனுப்புவது, வாங்குவது, மூன்றே வயர் போதும். எங்கள் அதிர்ஷ்டம், பூட்லோடர் என்ற முதல் நிரல் உயிரோடு இருந்தது. வீடு இடிந்தாலும் வாட்ச்மேன் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மூலமாக, டி.எஃப்.டி.பி. என்ற எளிய முறையில் சரியான ஃபைலைக் கணினியிலிருந்து அனுப்பினோம். நாலைந்து நிமிடத்தில் பெட்டி கண் விழித்தது. அன்றைக்கு என் மகள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, அவள் மார்க் ஷீட் எதிலும் நான் பார்த்ததில்லை.

பிறகு அமைப்பு. முதல் வேலை பாஸ்வேர்டு வைப்பது, ஏனென்றால் புதிதாக ஏற்றிய ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யில் பாஸ்வேர்டு இருக்காது. நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று வையுங்கள். வீச்சு கூடும் என்று வேறு நாட்டைப் போடுவது தவறு. இணைப்பு நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி அவர்கள் சொத்து, அதில் கை வைக்காதீர்கள். நம் ரவுட்டர் அதற்குப் பின்னால்தான்.

அடுத்து, மூன்று வசதி செய்தேன். ஒன்று, ஃபைபர் அறுந்தால் 4ஜி டாங்கிளுக்குத் தானாக மாறுவது. திண்ணை ஜன்னல் வரை யு.எஸ்.பி. வயரை நீட்டி, அந்த ஒரு கோடு சிக்னலில் அதை வைத்தேன். இரண்டு, வயர்கார்ட் என்ற மறைகுறியாக்கப்பட்ட பாதை. அம்மா வீட்டு இணைப்புக்குத் தனி முகவரி கிடையாது, பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் வெளியிலிருந்து உள்ளே போக முடியாது. ஆகவே அந்த ரவுட்டரே, நான் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு சின்ன சர்வருக்கு 25 விநாடிக்கு ஒரு முறை "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் சத்தம் வராவிட்டால் என் போனுக்குச் செய்தி வரும். மூன்று, வரிசையைச் சீர்படுத்துவது. ரேஷன் கடையில் ஒருவர் பத்து மூட்டையோடு நின்றால், அரை லிட்டர் எண்ணெய்க்கு வந்தவரும் காத்திருக்க வேண்டும் அல்லவா? பெரிய ஃபைல் ஏறும்போது பேச்சு விட்டுவிட்டு வருவது அதனால்தான். கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் என்ற இருவர் 2012-இல் இதற்கு ஒரு வழி எழுதினார்கள். அதை வைத்து வந்த முறை ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யில் இலவசமாகக் கிடைக்கிறது.

கடைசியாகப் பேட்டரி. ரவுட்டர் 5 வாட், ஃபைபர் பெட்டி 6 வாட், மொத்தம் 11. ஃபைபர் பெட்டியை மறந்துவிட்டு ரவுட்டருக்கு மட்டும் பேட்டரி கொடுப்பது பலர் செய்யும் தப்பு. இரண்டும் 12 வோல்ட் என்பதால் 230 வோல்ட்டுக்கு ஏற்றி இறக்கும் இன்வெர்ட்டரே வேண்டாம். அது சும்மா இருந்தாலே கொஞ்சம் வாட்டைச் சாப்பிடும். 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட்டேன். 153 வாட்-ஹவர். அதில் எண்பது சதவீதம் என்றால் 123. இந்தப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.6 வோல்ட் வரை போகும். அதை நேராகக் கொடுக்கக் கூடாது. நிலையாக 12 வோல்ட் தரும் மாற்றி ஒன்று நடுவில் வேண்டும், அது பத்து சதவீதம் தின்னும். எல்லாம் கழித்துப் பத்து மணி நேரம் வரும். பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ் கட்டாயம். மொத்தச் செலவு சுமார் ஏழாயிரம் ரூபாய். எந்த வயர் எங்கே போகிறது, என்ன அமைப்பு வைத்தேன் என்பதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, பெட்டி பக்கத்திலேயே தொங்கவிட்டேன். லேப் அட்டெண்டர் அண்ணன் ஞாபகம்தான்.

2022-ஆம் வருடம் பொங்கலுக்குப் போய் மாட்டினோம். அம்மா பார்த்துவிட்டு, "இவ்ளோண்டு பெட்டிக்கு இவ்ளோ வயரா?" என்றார். ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை, கரண்ட் போய் ஒன்பது மணி நேரம் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு என் போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். "ஒண்ணுமில்ல தம்பி, தூக்கம் வரல. கரண்ட் இல்லையே, போன் போகுதான்னு பாத்தேன்" என்றார். அம்மாவும் அந்த ஆடி மாதத்து ராத்திரியை மறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று கேட்டால், கறிவேப்பிலைக் கன்றைப் பற்றி.

நண்பர்களே, நான் செய்தது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. எங்கோ இருக்கும் யார் யாரோ எழுதி, எல்லோருக்கும் என்று வைத்துவிட்டுப் போனதை எடுத்து, என் அம்மா வீட்டில் மாட்டினேன். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு நான் கடன்பட்டவன். அந்தக் கடனை அவர்களிடமே திருப்பிக் கொடுக்க முடியாது, அடுத்தவருக்குத்தான் கொடுக்க முடியும். ஜி.பி.எல். உரிமத்தைச் சட்ட மொழியில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

ஆகவே முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில், அலமாரியில் பழைய ரவுட்டர் கிடக்கும். குப்பையில் போடாதீர்கள், கல்லூரிக்குக் கொண்டு வாருங்கள். எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு மேஜை ஒதுக்கித் தருவதாகத் துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். யு.எஸ்.பி.–சீரியல் மாற்றி பத்து, மல்டிமீட்டர் ஐந்து, சால்டரிங் அயர்ன் ஐந்து, இவற்றை எங்கள் செட் வாங்கித் தருகிறது. உங்கள் பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டுக் கொடுங்கள், அது முக்கியம்.

மாணவச் செல்வங்களுக்கு: அந்த மேஜையில் பெட்டிகளைத் திறங்கள். செங்கல் ஆக்குங்கள், பயப்பட வேண்டாம், மறுபடி உயிர் கொடுக்கக் கற்றுக்கொள்ளலாம். சரியாக ஓடும் ஒன்றை, கரண்ட் போனால் தனியாகிப் போகிற யாராவது ஒரு பெரியவர் வீட்டில் கொண்டுபோய் மாட்டுங்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். இன்று மதியம் இரண்டரை மணிக்கு அந்த லேபில் நான் இருப்பேன். என் மகளும் வந்திருக்கிறாள். எந்த வயரை எதோடு சேர்ப்பது என்று அவளைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.